பூஞ்சையைப் படித்தால் வேலை கிடைக்குமா?

அம்மா, பழத்தோலில் பூஞ்சை வளர்த்து நொதி (என்சைம்) எடுக்கும் படிப்புதான் வேண்டும் என்று மகள் பிடிவாதமாக நிற்கிறாள், இதற்கெல்லாம் வேலை உண்டா என்று கேட்டிருந்தீர்கள். உண்டு. ஆனால் மூன்று வருடப் பட்டத்தோடு நிறுத்திவிட்டால், அவள் ஆசைப்படும் வேலை கிடைப்பது கஷ்டம்.

இது நேற்று முளைத்த துறை இல்லை. ஜோகிச்சி தகாமினே என்ற ஜப்பானியர் கோதுமைத் தவிட்டில் ஆஸ்பர்ஜில்லஸ் ஒரைசே என்ற பூஞ்சையை வளர்த்து, மாவுச்சத்தைச் செரிக்கும் நொதியை எடுத்தார். 1894-இல் அமெரிக்காவில் காப்புரிமையும் பெற்றார். செரிமான மருந்தாகவே அது விற்றது.

பூஞ்சைக்கு வாய் கிடையாது. உணவின் மேல் நொதியைச் சுரந்து, வெளியிலேயே கரைத்து, பிறகு உறிஞ்சிக்கொள்ளும். அதனால் தீனிக்கேற்ற நொதி கிடைக்கும். ஆரஞ்சுத் தோலில் பெக்டின் என்ற பசைப்பொருளைக் கரைக்கும் பெக்டினேஸ் நொதியை எடுக்கலாம். பழச்சாற்றைத் தெளிய வைக்க அது தேவை. சேலம் ஜவ்வரிசி ஆலைகளில் மிஞ்சும் மரவள்ளித் திப்பியில் மாவுச்சத்து இருக்கிறது. அதில் மாவுச்சத்தைக் கரைக்கும் அமிலேஸ் நொதியை எடுக்கலாம். நெய்த துணியில் ஏற்றிய கஞ்சியை நீக்க அமிலேஸ்தான் பயன்படுகிறது. பனியன் துணியின் பிசிறை எடுக்க, பருத்தி நாரைக் கரைக்கும் செல்லுலேஸ் நொதி. வாங்குகிற தொழில்கள் நம் பக்கத்திலேயே இருக்கின்றன.

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. குடுவையில் பத்து கிராம் வளர்ப்பது சுலபம். தட்டில் கிலோ கணக்கில் பரப்பினால், வளரும் பூஞ்சை விடும் சூட்டிலேயே நடுப்பகுதி வெந்து பூஞ்சை செத்துவிடும். வேண்டாத கிருமியும் புகுந்துவிடும். கழிவும் தினம் ஒரே மாதிரி வராது. இதையெல்லாம் சமாளிக்கத் தெரிந்தவரைத்தான் ஆலை தேடும்.

பிளஸ் டூவில் கணக்கு எடுத்திருந்தால் பி.டெக். பயோடெக்னாலஜி என் முதல் பரிந்துரை. இல்லையென்றால் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி, அப்புறம் ஜாம் (JAM) அல்லது கேட்-பி (GAT-B) என்ற நுழைவுத் தேர்வு எழுதி எம்.எஸ்சி. மைசூருவில் இருக்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனமான சி.எஃப்.டி.ஆர்.ஐ.யின் உணவுத் தொழில்நுட்ப எம்.எஸ்சி.யையும் பார்த்து வையுங்கள்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: வீட்டில் பூசணம் பிடித்த சோற்றையோ கடலையையோ வைத்து அவள் சோதனை செய்ய வேண்டாம். சில பூஞ்சைகள் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கும்.

கல்லூரியில் பணம் கட்டுவதற்கு முன் ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். நுண்ணுயிர் வளர்க்கும் கலனான ஃபெர்மென்டர் இருக்கிறதா என்று பாருங்கள். அதைக் கடைசியாக எப்போது ஓட்டினார்கள் என்று இறுதியாண்டு மாணவி ஒருத்தியிடம் தனியாகக் கேளுங்கள்.