பழைய வி10 எம்5 வாங்குவதா, புதிய எம்340ஐ வாங்குவதா?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். சுற்றுவட்டாரச் செம்பனைத் தோட்டங்களுக்கு லாரி ஓட்டும் குத்தகைத் தொழில் செய்கிறார். கையில் 130,000 ரிங்கிட் சேமிப்பு இருக்கிறது. வேகமான பிஎம்டபிள்யூ கார் ஒன்றைச் சொந்தமாக வைத்திருக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. அவர் முன் இப்போது இரண்டு கார்கள் நிற்கின்றன. ஒன்று 2007ஆம் ஆண்டின் எம்5. முழுப் பணமாக 95,000 ரிங்கிட் கேட்கிறார்கள். மற்றது 2021ஆம் ஆண்டின் எம்340ஐ. முன்பணமாக 25,000 ரிங்கிட் கொடுத்துவிட்டு மாதம் 4,100 ரிங்கிட் கட்டி ஓட்டிக்கொள்ளலாம், பெயர் மாற்றத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் புரோக்கர். தினமும் ஈப்போவுக்குப் போய்வர வேண்டும், வாரத்தில் சில நாள் தோட்டத்துக்குள்ளும் போக வேண்டும், எதை எடுப்பது என்பதுதான் கேள்வி.

வாசகரே, இரண்டையும் இப்போது அவர்கள் சொல்கிற நிலையில் வாங்காதீர்கள். முதல் காரில் சிக்கல் இயந்திரத்தில் இருக்கிறது. இரண்டாவதில் காகிதத்தில் இருக்கிறது. கார் என்று மட்டும் பார்த்தால் உங்கள் ஓட்டத்துக்குப் பொருத்தமானது எம்340ஐதான். ஆனால் அதை உங்கள் பெயரில், வங்கி வழியாக வாங்க வேண்டும்.

முதலில் எம்5. 2005 முதல் 2010 வரை வந்த அந்தத் தலைமுறை போன்ற கார் இனி வரப்போவதில்லை. பத்து சிலிண்டர் கொண்ட 5.0 லிட்டர் வி10 இயந்திரம், 507 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 8,250 சுற்று வரை ஏறும் வேகம்; டர்போ கிடையாது. காரைக் கிளப்பும்போது 400 குதிரைத்திறன்தான் கிடைக்கும். மீதியைப் பெற ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் அதன் ஒலியை ஒரு முறை கேட்டவர் மறக்கமாட்டார் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அந்தக் காரை மனதார நேசிப்பவர்களில் நானும் ஒருவன் என்பதால்தான் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறேன்.

ஆண்டுதோறும் கட்ட வேண்டிய சாலை வரியை எடுத்துக்கொள்ளுங்கள். தீபகற்ப மலேசியாவில் 3,000 சிசிக்கு மேற்பட்ட தனியார் காருக்கு 2,130 ரிங்கிட் அடிப்படைக் கட்டணம். அதற்கு மேல் ஒவ்வொரு சிசிக்கும் 4 ரிங்கிட் 50 காசு. எம்5 காரின் கொள்ளளவு 4,999 சிசி. ஆகவே ஆண்டுக்கு 11,125 ரிங்கிட் 50 காசு. எம்340ஐ 2,998 சிசி; அதற்கு 2,125 ரிங்கிட். கார் கொட்டகையில் சும்மா நின்றாலும் இந்த 9,000 ரிங்கிட் வித்தியாசம் ஒவ்வோர் ஆண்டும் உங்களிடமிருந்து போகும். வண்டியின் வயதையோ விலையையோ திறனையோ பார்க்காமல் சிசியை மட்டும் அளக்கும் இந்த முறையைக் காலத்துக்கு ஏற்ப மாற்ற யாருக்கும் மனம் வரவில்லை. 2022இல் அறிமுகமான மெர்சிடிஸ் சி63 மின்மோட்டாரின் துணையோடு 680 குதிரைத்திறன் தருகிறது. அதன் பெட்ரோல் இயந்திரம் 1,991 சிசி என்பதால், அந்தக் கணக்கில் அதற்கு வரி 400 ரிங்கிட்டைக்கூடத் தொடவில்லை. இருபது வயதை நெருங்கும் காரை வைத்திருப்பவர் அதைவிட ஏறத்தாழ முப்பது மடங்கு கட்டுகிறார். இது அநியாயம், ஆனாலும் சட்டம் மாறும்வரை கட்டித்தான் ஆக வேண்டும்.

வரியாவது முன்கூட்டியே தெரிந்த செலவு. வி10 இயந்திரத்தின் ராட் பேரிங் அப்படியல்ல. பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் பத்து ராடுகளின் அடியிலும் மெல்லிய உலோக ஓடுகள் இருக்கின்றன. கிராங்க் ஷாஃப்டுக்கும் அவற்றுக்கும் நடுவே எண்ணெய்ப் படலத்துக்கு விடப்பட்ட இடம் குறுகலானது என்பதே இந்த இயந்திரத்தைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக்குகளின் பொதுவான கருத்து. அதில் ஓடுவதோ 10டபிள்யூ-60 என்னும் கெட்டியான எண்ணெய். காலையில் இயந்திரம் குளிர்ந்திருக்கும்போதே முடுக்கினால் ஓடு தேயும். நல்ல ஓடு சாம்பல் நிறத்தில் மங்கலாக, ஒரே சீராக இருக்கும். தேய்ந்த ஓட்டின் நடுவில் செம்பு நிறம் தெரியத் தொடங்கும். அந்த நிறத்தை எண்ணெய்த் தொட்டியைக் கழற்றினால்தான் காண முடியும்; வெளியே நின்று ஒலியைக் கேட்டு யாராலும் சொல்ல முடியாது. ஒலி வரும் நிலைக்குப் போய்விட்டால் கிராங்க் ஷாஃப்டும் கெட்டிருக்கும். அப்போது இயந்திரத்தையே மாற்ற வேண்டியதாகலாம். பழைய கார்களை வெட்டிப் பாகங்களாக விற்கும் ஹாஃப் கட் கடையில் வேறொரு வி10 கிடைத்தாலும், அதன் ஓடுகள் எந்த நிலையில் இருக்கின்றன என்பதும் உங்களுக்குத் தெரியாது.

எம்5 காரின் எஸ்எம்ஜி என்னும், கிளட்ச் மிதி இல்லாத கியரும் கவலைக்குரியதுதான். ஓட்டுநர் கதவைத் திறந்தவுடன் அதன் ஹைட்ராலிக் பம்ப் சில விநாடி முனகிவிட்டு அடங்க வேண்டும். அடங்காமல் நீண்டு முனகினாலோ, அடிக்கடி திரும்பத் திரும்ப முனகினாலோ பம்ப் அல்லது அழுத்தக் கலம் தளர்ந்துவிட்டது என்று பொருள். த்ராட்டில் மோட்டார், கிளட்ச், வேனோஸ் அழுத்தக் குழாய் என்று பட்டியல் நீளும்; அதை இங்கே நீட்ட வேண்டியதில்லை. 95,000 ரிங்கிட்டுக்கு வாங்கும் இந்தக் காருக்காக, வாங்கிய அன்றே இன்னொரு 40,000 ரிங்கிட்டை வேறு எதற்கும் தொடாமல் ஒதுக்கி வைக்க வேண்டும் என்பது என் கணிப்பு. உங்களிடம் மிஞ்சுவது 35,000. ஒரு லாரியின் கியர்பாக்ஸ் போனாலே அந்தப் பணத்தில் கைவைக்க நேரிடும்.

எம்340ஐ வேறு வகையான கார். ஆறு சிலிண்டர், டர்போ, 387 குதிரைத்திறன். காகிதத்தில் எம்5-ஐவிடக் குறைவு. ஆனால் நான்கு சக்கரங்களும் இழுப்பதால் 100 கிலோமீட்டர் வேகத்தை 4.4 விநாடியில் எட்டுகிறது; எம்5-க்கு 4.7 விநாடி. மழை நாளில், செம்மண் படிந்த தார்ச் சாலையில், இந்த வேறுபாடு இன்னும் பெரிதாகத் தெரியும். நம் நாட்டில் விற்கப்பட்டது கெடா மாநிலம் கூலிமில் பொருத்தப்பட்ட கார். ஆகவே உதிரிப்பாகத்துக்கும் இதை அறிந்த பட்டறைக்கும் அதிகம் அலைய வேண்டியதில்லை. இந்த இயந்திரத்துக்கு ஓட்டுநர்களிடமும் பட்டறைகளிடமும் நல்ல பெயர் உண்டு. ஸ்டீயரிங்கில் பழைய காரின் உயிரோட்டம் இல்லை, ஒலியும் ஒலிபெருக்கியின் உதவியோடு வருகிறது என்ற குறை உண்மைதான். ஆனால் தினமும் ஈப்போவுக்குப் போய்வரும் ஒருவர் அதைக் காட்டிலும் ஏசி, இருக்கை, பிரேக் ஆகியவற்றோடுதான் வாழப்போகிறார். பெட்ரோலிலும் வித்தியாசம் பெரிது. ஊருக்குள் ஓட்டினால் எம்5 காரின் 70 லிட்டர் தொட்டி 350 கிலோமீட்டருக்குள் காலியாகிவிடும். அதற்கு மானியமில்லாத ரோன் 97-தான் ஊற்ற வேண்டும்.

தோட்டத்துக்குள் போவதைப் பற்றி ஒரு சொல். இரண்டு காரிலும் மாற்றுச் சக்கரம் கிடையாது, இரண்டிலும் 19 அங்குலச் சக்கரத்தில் பக்கச் சுவர் குட்டையான டயர்தான். குலை ஏற்றிய லாரிகள் உழுதுவிட்ட பாதையில் எதைக் கொண்டுபோனாலும் ரிம் வளையும். அந்த வேலைக்கு ஹைலக்ஸ் போன்ற பிக்அப் வண்டியை வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த எம்340ஐ எப்படி வருகிறது என்பதற்கு வருகிறேன், ஏனெனில் உங்கள் கடிதத்தில் என்னை உண்மையில் அச்சுறுத்தியது அதுதான். புரோக்கர் சொல்வது 'சம்பூங் பாயார்'. வேறொருவர் வங்கியில் தவணைக்கு எடுத்த காரை, வங்கிக்குத் தெரியாமல் நீங்கள் ஓட்டி, மீதித் தவணையை நீங்கள் கட்டுவது. வங்கியின் பதிவிலும் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே பதிவிலும் அது இன்னும் முதல் ஆளின் பெயரில்தான் இருக்கும். கடன் தீரும்வரை வங்கியின் உரிமைக் கோரிக்கையும் அதில் இருக்கும். நீங்கள் கொடுக்கும் 25,000 ரிங்கிட்டில் ஒரு காசுகூட கடனைக் குறைப்பதில்லை; அது புரோக்கருக்கும் அந்த ஆளுக்கும் பங்காகப் போகிறது. தவணை முழுவதும் நீங்களே கட்டி முடித்தாலும், கிராண் எனப்படும் உரிமைப் பத்திரம் விடுவிக்கப்படுவது அவர் பெயருக்கு. அன்று அவர் ஊரில் இருப்பாரா, கையெழுத்துப் போடுவாரா, இன்னொரு 20,000 கேட்பாரா என்பதெல்லாம் அவருடைய மனதைப் பொறுத்தது.

தவணையைப் புரோக்கரின் கணக்கில் போட்டால் நிலைமை இன்னும் மோசம். எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் மாதம் தவறாமல் பணம் செலுத்திவந்தார். ரசீதுகளை ஒரு கோப்பில் அடுக்கி வைத்திருந்தார். பணம் வங்கிக்குப் போகவே இல்லை. தொடர்ந்து இரண்டு தவணை விழாவிட்டால் வங்கி 21 நாள் அவகாசம் கொடுத்து அறிவிப்பு அனுப்பிவிட்டுக் காரைப் பறிமுதல் செய்யலாம். அந்த அறிவிப்பு போய்ச் சேர்ந்தது பதிவில் இருந்தவரின் முகவரிக்கு. இழுவை லாரி வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் இவருக்கு விஷயமே தெரிந்தது. பறிமுதல் செய்ய வந்தவர்கள் ரசீதுகளைப் பார்க்கவும் இல்லை, பார்க்க வேண்டிய கட்டாயமும் அவர்களுக்கு இல்லை. விபத்து நேர்ந்தாலும் காப்புறுதிப் பணம் வங்கிக்கும் பதிவுபெற்றவருக்கும் உரியது. ஓட்டிய உங்களுக்கு அதில் பங்கில்லை. இவ்வளவு தெரிந்தும் இந்த விளம்பரங்கள் காரின் படத்தோடும் தொலைபேசி எண்ணோடும் பகிரங்கமாக ஓடுகின்றன. தினம் ஒருவர் ஏமாந்து போலீஸ் நிலையம் ஏறுகிறார். அங்கே இது சிவில் விவகாரம் என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். தவறு செய்பவனைத் தேடிப் பிடிக்க வேண்டிய வேலை யாருடையது என்று எந்த அலுவலகமும் ஏற்றுக்கொள்வதில்லை என்பதுதான் என் ஆற்றாமை.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, அதைக் கவனமாகப் படியுங்கள். 1967ஆம் ஆண்டின் தவணைமுறைக் கொள்முதல் சட்டப்படி, தவணை எடுத்தவர் தன் உரிமையை வங்கியின் ஒப்புதலோடு வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்கலாம். ஒப்புதல் என்றால் புரோக்கர் தொலைபேசியில் "பேங்கில் பேசிவிட்டேன்" என்று சொல்வதல்ல. பதிவில் உள்ளவரும் நீங்களும் ஒன்றாகக் கடன் கொடுத்த கிளைக்குப் போக வேண்டும். நிலுவை இருந்தால் அது முதலில் தீர்க்கப்பட வேண்டும். வங்கி உங்கள் வருமானத்தை ஆராய வேண்டும். உங்கள் பெயரில் எழுதப்பட்ட ஒப்பந்தத்தில் நீங்கள் கையெழுத்திட வேண்டும். உங்களுக்கு ஒரு பிரதி கிடைக்க வேண்டும். வக்கீல் அல்லது சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் நீங்களும் அவரும் மட்டும் எழுதிக்கொள்ளும் தாளில் எத்தனை முத்திரை இருந்தாலும் அது வங்கியைக் கட்டுப்படுத்தாது. புரோக்கர்கள் காட்டுவது பெரும்பாலும் அந்தத் தாளைத்தான். வங்கியின் பெயர் அச்சிட்ட தாளில், வங்கி அலுவலரின் கையெழுத்தோடு, உங்கள் அடையாள அட்டை எண் இருந்தால் ஒழிய அது ஒப்புதல் அல்ல. இந்த வழியில் வருவதாக இருந்தால் உங்கள் புரோக்கரிடம் ஒன்றே கேளுங்கள்: பதிவில் உள்ளவரை வங்கிக் கிளைக்கு அழைத்து வர முடியுமா? மழுப்பினால் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள்.

பழைய எம்5-ஐ முழுப் பணம் கொடுத்து வாங்குவதிலும் உங்களுக்குத் துணை யாரும் இல்லை. இவ்வளவு வயதான காருக்கு வங்கிகள் கடன் தரத் தயங்கும். கடன் இல்லையென்றால் காரின் மதிப்பையும் உரிமையையும் உங்களுக்காகச் சரிபார்க்க வேறு யாரும் இல்லை. புஸ்பாகோம் என்னும் வாகனப் பரிசோதனை நிறுவனத்தின் பரிசோதனை முடிந்துவிட்டது என்று சொல்லி விற்பவர் உங்கள் வாயை அடைப்பார். பெயர் மாற்றத்துக்கான அந்தப் பரிசோதனை முக்கியமாகப் பார்ப்பது சேஸிஸ் எண்ணும் இயந்திர எண்ணும் கிராணோடு ஒத்துப்போகின்றனவா என்பதையும், கார் சாலையில் ஓடத்தக்க நிலையில் இருக்கிறதா என்பதையும்தான். ராட் பேரிங்கைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. மீட்டரைப் பின்னுக்குத் தள்ளியிருந்தால் அதைக் கண்டுபிடிப்பதும் உங்கள் வேலை. பிஎம்டபிள்யூ சாவியிலேயே ஓடிய தூரம் பதிவாகியிருக்கும், அதைப் படிக்கும் கருவி இந்த வகைக் காரைப் பார்க்கும் பட்டறைகளில் உண்டு. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். நுனியில் சேற்றுக் கோடு தெரிந்தால் கார் வெள்ளத்தில் நின்றது. 2021 டிசம்பரில் ஷா ஆலாமில் மூழ்கிய கார்களைப் போன்றவை சுத்தம் செய்யப்பட்டு வெளியூர்களில் விலைபோவது உண்டு.

இவ்வளவுக்குப் பிறகும் மனம் வி10-ஐ விட்டு அகலவில்லை என்றால், விற்பவரிடம் எண்ணெய்த் தொட்டியைக் கழற்றிப் பேரிங் பார்க்க அனுமதி கேளுங்கள். அதற்கான கூலியை நீங்கள் கொடுங்கள். பேரிங் மாற்றிய பட்டறையின் ரசீது அவரிடம் இருந்தால் 95,000 ரிங்கிட் நியாயமாகத் தோன்றும். பார்க்க விடமாட்டேன் என்றால் அங்கேயே விடை கிடைத்துவிட்டது.

எம்340ஐ-க்கு வழி எளிது. சட்டப்படி ரொக்க விலையில் குறைந்தது 10 விழுக்காடு முன்பணம் கட்ட வேண்டும். உங்களிடம் இருப்பதில் பாதியை முன்பணமாகப் போட்டு, பயன்படுத்திய காரை, பராமரிப்புப் பதிவு முழுமையாக இருந்தால், உங்கள் பெயரிலேயே எடுங்கள். மீதியைத் தொழிலுக்கு விடுங்கள். கடன் விண்ணப்பம் மறுக்கப்பட்டால், புரோக்கரிடம் திரும்பிப் போகாமல், ஆறு மாத வங்கிக் கணக்கு அறிக்கையையும் வரிக் கணக்கையும் ஒழுங்குபடுத்திவிட்டு மறுபடி விண்ணப்பியுங்கள். லாரித் தொழில் செய்பவர்களுக்கு வருமானம் இருந்தும் காகிதம் இல்லாததால்தான் பெரும்பாலும் கடன் மறுக்கப்படுகிறது.

புரோக்கரிடம் ஏற்கெனவே முன்பதிவுப் பணம் கொடுத்துவிட்டீர்களா என்பதை நீங்கள் கடிதத்தில் எழுதவில்லை. கொடுத்திருந்தால், பணம் மாறிய வங்கிப் பரிமாற்றச் சீட்டையும் அவர் அனுப்பிய செய்திகளையும் இன்றே பத்திரப்படுத்தி, பணத்தைத் திருப்பித் தரும்படி எழுத்து மூலம் கேளுங்கள். அவர் தராவிட்டால் அந்த ஆதாரங்களோடு போலீசில் புகார் செய்யுங்கள். எக்காரணம் கொண்டும் அந்தக் காரை வீட்டுக்கு ஓட்டி வந்துவிடாதீர்கள்.