தானாக நகரும் ஜாய்ஸ்டிக்: கடையிடம் கேட்பதும் ரசிகர்களிடம் சொல்வதும்

கேள்வி: நான்கு மாதங்களுக்கு முன் ஈசூனில் ஒரு கடையில், உயர்நிலை நான்கில் படிக்கும் என் மகனுக்குக் கையடக்க கேம் கன்சோல் ஒன்றை 450 வெள்ளிக்கு வாங்கினேன். இப்போது இடப்பக்க ஜாய்ஸ்டிக்கைத் தொடாமலேயே திரையில் பாத்திரம் நடக்கிறது. ‘இது எக்ஸ்போர்ட் செட், தயாரித்த நிறுவனத்தின் உத்தரவாதம் கிடையாது, எங்கள் உத்தரவாதம் ஒரு மாதம்தான்’ என்கிறார் கடைக்காரர். மகன், தான் இருக்கும் ரசிகர் வாட்ஸ்அப் குழுவில், ‘திருட்டுக் கம்பெனி, யாரும் வாங்காதீங்க’ என்று எழுதினான். ‘குறை சொல்பவன் ரசிகனே இல்லை’ என்று பலர் வசைபாடவே, எழுதியதை அழித்துவிட்டான். எனக்கு உரிமை உண்டா? அவன் எழுதியது தவறா?

பதில்: உரிமை உண்டு. ஆனால் அந்த உரிமை நீங்கள் பணம் கொடுத்த கடையிடம் கேட்க வேண்டியது. உங்கள் மகன் கோபப்பட்டதோ தயாரித்த நிறுவனத்தின்மீது. உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் நடுவே உள்ள சிக்கல் இதுதான் என்பதால், முதலில் இதைத் தெளிவுபடுத்திவிடுகிறேன்.

சிங்கப்பூரில் பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தக) சட்டத்தில் சேர்க்கப்பட்டு, 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கும் ‘லெமன் சட்டம்’ உங்களுக்குப் பொருந்தும். (பழுதான காரை ‘லெமன்’ என்று அழைக்கும் அமெரிக்கப் பேச்சு வழக்கிலிருந்து வந்த பெயர் அது, எலுமிச்சம்பழத்துக்கும் இதற்கும் வேறு தொடர்பில்லை.) பொருள் கைக்கு வந்த ஆறு மாதங்களுக்குள் குறை வெளிப்பட்டால், அந்தக் குறை விற்கும்போதே இருந்தது என்று சட்டம் எடுத்துக்கொள்ளும்; இல்லை என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு விற்றவருடையது. ஆறு மாதங்களுக்குப் பிறகு வெளிப்படும் குறையை நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழும். உங்களுக்கு நான்கு மாதங்களே ஆகியிருக்கின்றன.

‘எக்ஸ்போர்ட் செட்’ (வேறு நாட்டுச் சந்தைக்கான பொருள்) என்ற பதில் இங்கே செல்லாது. தயாரித்த நிறுவனம் இலவசமாகப் பழுதுபார்த்துத் தருமா என்பதை அது தீர்மானிக்கலாம். விற்றவரின் கடமையை அது குறைக்காது. ‘ஒரு மாத உத்தரவாதம்’ என்பது கடை தானாக முன்வந்து தரும் சலுகை. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று கல்லாவில் ஒட்டியிருக்கும் தாளுக்கும் சட்டம் தரும் உரிமையை அழிக்கும் வலிமை இல்லை. பயன்படுத்திய பொருளைக் கடையில் வாங்கியிருந்தாலும் இதே சட்டம்தான். கெரோசல் இணையச் சந்தையில் ஒரு தனிமனிதரிடம் வாங்கியிருந்தால் மட்டுமே கதை வேறு, ஏனென்றால் வியாபாரம் செய்யாதவர் விற்பதற்கு லெமன் சட்டம் பொருந்தாது.

எடுத்த எடுப்பிலேயே பணத்தைத் திருப்பிக் கேட்பது பலரும் செய்யும் பிழை. பழுதுபார்த்துத் தாருங்கள் அல்லது மாற்றித் தாருங்கள் என்பதே முதல் கோரிக்கையாக இருக்க வேண்டும்; அதற்கான செலவு கடையுடையது. நியாயமான காலத்துக்குள், உங்களுக்குப் பெரிய சிரமமில்லாமல் அதைச் செய்யத் தவறினால், விலையில் ஒரு பகுதியைக் குறைக்கச் சொல்லலாம், அல்லது பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம். நான்கு மாதம் பயன்படுத்தியதற்காக அந்தத் தொகையில் ஓரளவு கழிக்கப்படக்கூடும் என்பதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைக்காரர் அடுத்துச் சொல்லக்கூடியது, ‘இது சாதாரணத் தேய்மானம்’ என்பது. இந்த வாதத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. பெரும்பாலான ஜாய்ஸ்டிக்குகளுக்குள் கரிப்பூச்சு பூசிய ஒரு தடமும் அதன்மேல் உரசியபடி நகரும் சிறு உலோகத் தொடுமுனையும் இருக்கும். குச்சி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை, அந்த இடத்தின் மின்தடையை வைத்து இயந்திரம் கணிக்கிறது. தடம் தேய்ந்தாலோ தூசி சேர்ந்தாலோ கணிப்பு பிசகிவிடும். விரலை எடுத்த பிறகும் குச்சி சாய்ந்தே இருப்பதாக இயந்திரம் எண்ணிக்கொள்ளும். விளையாட்டுக்காரர்கள் ‘டிரிஃப்ட்’ என்பது இதைத்தான். காந்தப்புலத்தைக் கொண்டு அளக்கும் ஹால் சென்சார் வகையில் இந்த உரசல் இல்லை. ஆகவே தேய்மானம் இருப்பது உண்மைதான். ஆனால் பொருள் நியாயமான காலம் உழைக்க வேண்டும் என்பதும் தரத்தின் ஒரு பகுதியே என்கிறது பொருள் விற்பனைச் சட்டம். 450 வெள்ளிக் கன்சோலின் ஜாய்ஸ்டிக் நான்கு மாதம்தான் உழைக்கும் என்று சொல்லும் துணிச்சல் எந்தக் கடைக்காரருக்கும் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. கீழே விழுந்த தழும்போ தண்ணீர் புகுந்த தடயமோ இருந்தால் மட்டும் உங்கள் பக்கம் பலவீனமாகும்.

எனவே ஆதாரத்தை இன்றே சேர்த்துவிடுங்கள். கன்சோலின் அமைப்புகளில் ஜாய்ஸ்டிக்கைச் சரிபார்க்கும் திரை ஒன்று இருக்கும். அதைத் திறந்து, இயந்திரத்தை மேசைமேல் கிடத்தி, கைகளை எடுத்துவிட்டால், நடுவில் நிற்க வேண்டிய புள்ளி இடப்பக்கம் ஒதுங்குவது தெரியும். அதைக் கைப்பேசியில் வெட்டாமல் ஒரே காட்சியாகப் படம்பிடித்து, முடிவில் இயந்திரத்தைத் திருப்பி, பின்புறத்து வரிசை எண்ணும் தெரியும்படி செய்யுங்கள். ரசீது தொலைந்திருந்தால் பேநவ் அல்லது வங்கிக் கணக்குப் பதிவு போதும். யூடியூப் பார்த்து மகனே திருகாணியைக் கழற்றிச் சுத்தம் செய்ய முயன்றால், குறைக்குக் காரணமே அவன்தான் என்று கடை சொல்ல நாமே வழிவிட்டதாகிவிடும்.

இனி மகன் எழுதியது. குறை சொன்னதில் தவறே இல்லை. சொன்ன விதத்தில்தான் இருக்கிறது தவறு. அவன் எழுதிய நான்கு சொற்களில் பழுது என்ன என்பதே இல்லை. ‘திருட்டு’ என்பது குற்றச்சாட்டு. கேட்டால் நிரூபிக்க வேண்டும், நிரூபிக்க முடியாவிட்டால் அவதூறு என்ற பேச்சு எழும். அதையே அவன் இப்படி எழுதியிருக்கலாம்: ‘மார்ச் 8ஆம் தேதி வாங்கியது. ஜூலை முதல் வாரத்திலிருந்து விரல் படாமலே இடப்பக்கம் நகர்கிறது. கன்சோலின் அமைப்புகளில் இரண்டு முறை சரிசெய்தேன், மூன்று நாளில் திரும்ப வந்துவிட்டது. கீழே விழவில்லை. இதே மாடல் வைத்திருப்பவர்கள் யாருக்காவது இப்படி இருக்கிறதா?’ இதைப் படிக்கும் ரசிகர் ஏசுவதற்கு இதில் இடமில்லை. தன் கன்சோலை எடுத்துச் சோதித்துப் பார்க்கத்தான் தோன்றும். இன்னொரு நன்மையும் உண்டு. கடைசி வாக்கியத்தை எடுத்துவிட்டு, ‘பழுதுபார்த்தோ மாற்றியோ தரக் கேட்டுக்கொள்கிறேன்’ என்று சேர்த்தால் அதுவே கடைக்கு அனுப்ப வேண்டிய கடிதம்.

ரசிகர்களின் கோபம் எங்கிருந்து வருகிறது என்பது புரிந்துகொள்ளக்கூடியதே. சேமித்த காசைப் போட்டு வாங்கியதை ஒருவன் பழித்தால், நம் தேர்வையே பழித்ததாக உறைக்கிறது. ஆனால் தாயும் பிள்ளையும் என்றாலும் வாயும் வயிறும் வேறு அல்லவா? ரசிகன் என்பதற்காக வாங்கியவன் என்ற உரிமையை யாரும் விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. இந்தத் துறையில் நடந்த திருத்தங்கள் பலவும் பாராட்டுரையால் வந்தவையல்ல. எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோல்கள் சிவப்பு விளக்கு எரிந்து செயலிழந்ததையொட்டி, 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் அந்தப் பழுதுக்கான உத்தரவாதத்தை மூன்று ஆண்டுகளாக நீட்டித்து, 100 கோடி அமெரிக்க டாலருக்கும் மேல் ஒதுக்கியது. 2013இல் எக்ஸ்பாக்ஸ் ஒன் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இணையத்தில் இணைய வேண்டும், பயன்படுத்திய விளையாட்டு வட்டுகளுக்குக் கட்டுப்பாடு உண்டு என்று அறிவிக்கப்பட்டபோது எதிர்ப்புக் குரல் எழுப்பியதில் அதை வாங்கக் காத்திருந்தவர்களும் இருந்தார்கள். ஜூன் 19ஆம் தேதி அந்த நிபந்தனைகள் கைவிடப்பட்டன.

உங்கள் பிரச்சினைக்கு மிக நெருங்கியது நின்டெண்டோ ஸ்விட்ச் கன்சோலின் ‘ஜாய்கான்’ கைப்பிடிகளில் வந்த டிரிஃப்ட். 2017 மார்ச்சில் வெளிவந்த ஸ்விட்ச்சைப் பற்றிய இந்தக் குறைக்காக அந்நிறுவனத் தலைவர் ஷுன்டாரோ ஃபுருகாவா 2020 ஜூனில் பங்குதாரர் கூட்டத்தில் மன்னிப்புத் தெரிவித்தார். 2021 ஜனவரியில் ஐரோப்பியப் பயனீட்டாளர் அமைப்பு, ஏறத்தாழ 25,000 முறையீடுகளைத் திரட்டி ஐரோப்பிய ஆணையத்திடம் கொண்டுசென்றது. உத்தரவாதக் காலம் முடிந்த பிறகும் அங்கே இலவசமாகப் பழுதுபார்க்கப்படும் என்ற நிலை 2023இல் வந்தது. ஆளுக்கு ஒரு பத்தி எழுதியவர்கள் சேர்ந்துதான் இந்த 25,000. ஆனாலும் ஐரோப்பியச் சலுகையை ஈசூன் கடையில் காட்டி வாதாடாதீர்கள். இங்கே பேச வேண்டியது லெமன் சட்டத்தைத்தான்.

மகனிடம் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். கடை ஊழியரின் படத்தையோ கைப்பேசி எண்ணையோ யார் கேட்டாலும் குழுவில் போடக்கூடாது. துன்புறுத்தலுக்கு எதிரான பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், ஒருவரைத் துன்புறுத்தும் நோக்கத்துடன் அவருடைய அடையாள விவரங்களை வெளியிடுவது குற்றம். 2014இல் சிம் லிம் ஸ்கொயர் கடைத்தொகுதியில் வாடிக்கையாளர்களை ஏமாற்றிய ஒரு கைப்பேசிக் கடைக்காரர்மீது எழுந்த கோபத்தில் அவருடைய சொந்த விவரங்களை இணையத்தில் அள்ளி இறைத்தார்கள். மறு ஆண்டு அவருக்கு 33 மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. அதை விதித்தது நீதிமன்றம்.

கடை பதில் தராவிட்டால் ‘கேஸ்’ எனப்படும் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். சமரசம் பேசுவார்கள், கட்டாயப்படுத்தும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. அதற்கும் அசையாவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும், வழக்கறிஞர்களுக்கு அங்கே இடமில்லை, 5,000 வெள்ளிக்குட்பட்ட கோரிக்கைக்குத் தனிநபர் கட்ட வேண்டியது 10 வெள்ளி, இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். கடிதம் போய்ச் சேர்ந்ததுமே பெரும்பாலான கடைகள் இறங்கி வந்துவிடுவதையே நான் பார்த்திருக்கிறேன்.

கன்சோலைப் பழுதுபார்க்கக் கொடுக்கும் முன் விளையாட்டுச் சேமிப்புகளைப் பிரதி எடுத்து, மெமரி கார்டைக் கழற்றி, மகனின் கணக்கிலிருந்து வெளியேறிவிடுங்கள். ஒப்படைக்கும்போது ‘கீறலில்லை, உடைப்பில்லை’ என்று எழுதிய சீட்டில் கடைக்காரரின் கையொப்பமும் தேதியும் வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள்.