கேள்வி–பதில்: திரை இருள்வது ஏன்?

கேள்வி: புதிய கிராபிக்ஸ் கார்டு பொருத்திய நாள் முதல், விளையாட்டின் நடுவே திரை இருண்டு மீள்கிறது. கார்டு பழுதா?
– வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: அவசரப்பட்டுத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். கார்டு ஏறத்தாழ 2 விநாடிகளுக்குள் பதிலளிக்காவிட்டால், விண்டோஸ் அதன் டிரைவரை (கார்டை இயக்கும் மென்பொருளை) மீண்டும் தொடக்கிவைக்கும். நீங்கள் காணும் இருள் அதுவாக இருக்கலாம். விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் 4101 என்ற எண்ணுடன் பதிவு இருந்தால் ஐயம் வலுப்படும். பழைய கார்டு வேறு நிறுவனத்துடையது என்றால், அதன் டிரைவரின் மிச்சங்கள் புதியதுடன் மோதக்கூடும். ஆகவே கார்டு நிறுவனத்தின் டிரைவரை முன்னரே இறக்கி வைத்துக்கொண்டு, விண்டோஸ் தானாக வேறொரு பதிப்பை இடையில் புகுத்தாதிருக்க இணைய இணைப்பைத் துண்டித்து, சேஃப் மோடில் (விண்டோஸ் அடிப்படை டிரைவர்களுடன் மட்டும் இயங்கும் நிலையில்) பழைய டிரைவர்களை முழுமையாக நீக்கிய பின் புதியதை நிறுவுங்கள். பிறகும் நீடித்தால் கணினிக்குள் மின்சாரம் வழங்கும் பவர் சப்ளையைச் சோதியுங்கள். லோட் ஷெடிங் (சுழற்சி முறை மின்வெட்டு) காலத்தில் போய்ப் போய் வந்த மின்சாரம் அதைத் தளர்த்தியிருக்கக்கூடும்.