லோன் யார் பேர்ல?

வணக்கம் சார்,

பொண்ணு ப்ளஸ் டூ முடிச்சிருக்கா. டெல்லி பக்கத்துல சோனிபத்ல இருக்குற அசோகா யுனிவர்சிட்டியில எகனாமிக்ஸ் படிக்க சீட் கிடைச்சிருக்கு. ஹாஸ்டல் எல்லாம் சேத்து நாலு வருஷத்துக்கு 45 லட்சம்னு கணக்கு போட்டிருக்கேன். வீட்டுப் பத்திரத்தை வெச்சா 10.5% வட்டியில 40 லட்சம் எஜுகேஷன் லோன் தர்றதா பேங்க்ல சொல்லிட்டாங்க. தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியிலயும் எகனாமிக்ஸ் கிடைச்சிருக்கு, அது கையில இருக்குற காசுலயே முடிஞ்சிடும். நான் திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில அக்கவுண்ட்ஸ் பாக்குறேன், சம்பளம் 70,000. டிகிரி முடிக்கல. எனக்குக் கிடைக்காதது அவளுக்காவது கிடைக்கட்டும்னு நினைக்கிறேன். சொந்தக்காரங்க, பொட்டப்புள்ளைய அவ்ளோ தூரம் அனுப்பாதங்கறாங்க. போட்ட காசுக்கு அந்தக் காலேஜ் ஒர்த்தா?

ஒரு வாசகர், திருப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

சொந்தக்காரங்களை விடுங்க. கோயம்புத்தூர்ல காலையில ஃப்ளைட் ஏறினா மதியம் டெல்லி. அவங்க யாரும் உங்க ஈஎம்ஐ கட்டப் போறதில்ல, அதனால அவங்களுக்குப் பதில் சொல்ற வேலையும் உங்களுக்கில்ல.

ஒர்த்தான்னு கேட்டீங்க. அமெரிக்காவுல ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர்னு ரெண்டு பேர் 2002ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. பெரிய காலேஜ்ல இடம் கிடைச்சும் சாதாரண காலேஜுக்குப் போன பசங்க பின்னாடி என்ன சம்பாதிச்சாங்கன்னு பாத்தா, பெரிய காலேஜுக்கே போனவங்களுக்கு சமமாதான் இருந்துச்சு. ஆனா ஏழை வீட்டுப் பசங்களுக்கு மட்டும் பெரிய காலேஜ் நல்லாவே கை கொடுத்துச்சு. அது அந்த ஊர்க் கதை, நம்ம ஊருக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் பரிந்து பேச ஆள் இல்லாத வீட்டுப் புள்ளைக்கு அந்த மாதிரி இடம் கதவைத் திறந்துவிடும்னு நானும் நம்புறேன். அதனால காலேஜ் மேல எனக்குக் குறை இல்ல. அந்த 40 லட்சம் மேலதான்.

நீங்க அக்கவுண்ட்ஸ் பாக்குறவரு, இந்தக் கணக்கை நான் போட வேண்டியிருக்கே! வருஷத்துக்கு 10 லட்சம்னு வாங்குறீங்க, படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் வரைக்கும் கட்ட வேணாம்பாங்க, ஆனா வட்டி முதல் நாள்லேந்து ஓடிட்டேதான் இருக்கும். கட்ட ஆரம்பிக்கிற அன்னைக்கு வெறும் தனிவட்டியே 14.7 லட்சம் ஏறியிருக்கும். 40 லட்சம் 54.7 லட்சம் ஆயிடும். அதைப் பத்து வருஷத்துல அடைக்கணும்னா மாசம் கிட்டத்தட்ட 74,000. உங்க முழு சம்பளத்தைவிட ஜாஸ்தி. அப்ப யார் கட்டுறது? அவதான். லோனும் அவ பேர்லதான் இருக்கும், நீங்க கோ-அப்ளிகண்ட்.

நண்பர் ஒருத்தரோட பொண்ணு இருக்கா. வடக்க ஒரு பெரிய இடத்துல இதே மாதிரி கடன் வாங்கிப் படிச்சா. பவானி ஜமக்காளம் நெய்றவங்களைப் பத்தி ஆராய்ச்சி பண்ணணும்னு காலேஜ்ல இருக்கும்போதே சொல்லிட்டிருந்தா, லீவுல வந்து தறிக்காரங்க வீட்டுத் திண்ணையில உக்காந்து ரெக்கார்ட் பண்ணிட்டுப் போவா. இப்ப குர்காவ்ல ஒரு கன்சல்டிங் கம்பெனியில யாரோ ஷாம்பு விக்கிறதுக்கு ஸ்லைட் போட்டுட்டிருக்கா. ஒருநாள் மொபைல்ல தன்னோட எக்ஸெல் ஷீட்டைக் காட்டினா. முதல் வரி லோன், ரெண்டாவது வாடகை, சாப்பாடே நாலாவதாதான் வருது. ஏம்மா, ஆராய்ச்சி பண்றவங்களுக்கு மாசாமாசம் அரசு உதவித்தொகை கிடைக்குற ஜேஆர்எஃப் பரீட்சை எழுதலையான்னு கேட்டேன். "பாஸ் பண்ணிட்டேன் மாமா, 37,000 தருவாங்க, அதை வெச்சு என்ன பண்றது"ன்னு சிரிச்சா. எனக்கு சிரிப்பு வரல.

இதைத்தான் நான் ரொம்ப நாளா பாக்குறவங்ககிட்டல்லாம் சொல்லிட்டிருக்கேன், கேக்கத்தான் ஆளில்ல. இந்த மாதிரி காலேஜுங்க விக்கிறது என்ன? வந்ததுமே மேஜர் பாடம் எதுன்னு முடிவு பண்ணாத, நாலையும் தொட்டுப் பாரு, பிடிச்சதைப் பண்ணுன்னு ஒரு தைரியம். பணக்கார வீட்டுப் புள்ளை அதை நாலு வருஷத்துக்கு அப்புறமும் வெச்சுக்கும். கடன்ல வாங்குன புள்ளை பட்டத்தை வாங்கிட்டு அந்த தைரியத்தை அங்கேயே திருப்பிக் குடுத்துட்டு வந்துடும். அப்புறம் அவளுக்கு மிஞ்சுறது எந்த வேலையில சம்பளம் ஜாஸ்திங்கற ஒரே கேள்விதான், அதுக்கு ஏங்க சோனிபத் வரைக்கும் போகணும்?

இன்னொண்ணு, கோவிச்சுக்காதீங்க. லெட்டர்ல உங்களுக்குக் கிடைக்காததைப் பத்தி எழுதியிருக்கீங்க, சம்பளம், பத்திரம், வட்டி எல்லாம் இருக்கு, பொண்ணுக்கு என்ன ஆசைன்னு ஒரு வரி இல்ல. எகனாமிக்ஸ் அவ கேட்டதா நீங்க கேட்டதா? நீங்க பாதியில விட்ட டிகிரிக்காக உங்க மேல எனக்கு நிஜமாவே மரியாதை இருக்கு, அந்த ஏக்கம் என்னன்னு தெரியாதவன் இல்ல நான். ஆனா அதுக்கான பில்லை 22 வயசுப் பொண்ணு கையில குடுக்காதீங்க.

தாம்பரம் ஒண்ணும் ரெண்டாந்தரம் இல்ல, 1837ல ஆரம்பிச்ச காலேஜ் அது. அங்க பி.ஏ. முடிச்சுட்டு எம்.ஏ.வுக்கு டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ்க்கு முயற்சி பண்ணட்டும், அங்க ஃபீஸும் ரொம்பக் கம்மி. அப்பவும் டெல்லிதான்.

அதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. அசோகாவுல குடும்ப வருமானத்தைப் பாத்து ஃபீஸ்ல உதவி குடுக்குறாங்க. அதுக்கு அப்ளை பண்ணீங்களான்னு லெட்டர்ல ஒரு வார்த்தைகூட இல்லையே, பேங்க்குக்கு மட்டும் ஓடியிருக்கீங்க! உடனே கேளுங்க. பெரும்பகுதி தள்ளுபடி ஆகி, பத்திரம் பீரோவுலயே இருக்கும்னா கண்ணை மூடிட்டு அனுப்புங்க, நானே ஸ்டேஷனுக்கு வந்து வழியனுப்புறேன். இல்லைன்னா தாம்பரத்துல ஃபீஸ் கட்டிடுங்க. அடுத்த லெட்டரை அவளையே எழுதச் சொல்லுங்க.