நூறு டாலர் தூண்டில்: பாஸ் மீன் பிடிப்போர் கேள்வி–பதில்

அமெரிக்க ஏரிகளில் பெருவாய் பாஸ் மீனுக்குத் தூண்டில் போடும் வாசகர்களின் கடிதங்களில் திரும்பத் திரும்ப ஒரே கவலை: எதில் காசைப் போடுவது, எதைத் தொடாமல் இருப்பது.

ஐயா, கடைக்குப் போனால் ஒரு சுவர் முழுக்க லூர் (ரப்பர் புழு போன்ற போலி இரை) தொங்குகிறது. என்னால் நூறு டாலர்தான் ஒதுக்க முடியும். படகு கிடையாது, கரையில் நின்றுதான் போடுவேன். என்ன வாங்கலாம்?
– வாசகர், டாலஸ்

அந்தச் சுவர்ப் பக்கம் கடைசியாகப் போங்கள், அதுவும் கையில் மிச்சம் இருந்தால்.

முதல் 50 டாலர், ராடும் (தூண்டில் கம்பு) ரீலும் (நரம்பு சுற்றும் கருவி) சேர்ந்து வரும் ஸ்பின்னிங் செட்டுக்கு. ஸ்பின்னிங் என்றால் வீசும்போது ரீலின் உருளை சுழலாத வகை. ராட் ஆறரை அடியிலிருந்து ஏழு அடிக்குள் இருக்கட்டும். கைப்பிடிக்குச் சற்று மேலே அச்சிட்டிருப்பதைப் படியுங்கள்: பவர் ‘மீடியம்’, ஆக்‌ஷன் ‘ஃபாஸ்ட்’. ஃபாஸ்ட் ராடில் நுனி மட்டும் வளையும், தண்டு விறைத்து நிற்கும். ரப்பர் புழுவுக்குள் ஒளிந்திருக்கும் முள்ளை மீனின் தாடையில் ஏற்ற அந்த விறைப்பு வேண்டும். ரீல் 2500 அல்லது 3000 அளவு. எத்தனை பால் பேரிங் என்று அட்டையில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். கைப்பிடியைச் சுழற்றிச் சட்டென நிறுத்துங்கள், பின்பக்கம் ஆடக் கூடாது. மீன் பலமாக இழுத்தால் நரம்பை, அதாவது தூண்டில் நூலை, விட்டுக்கொடுக்கும் பிடிமானம்தான் டிராக். அதன் திருகைப் பாதி இறுக்கி நரம்பை இழுங்கள், வெட்டி வெட்டி வராமல் ஒரே சீராக வர வேண்டும். இந்த இரண்டும் சரியென்றால் அந்த ரீல் போதும்.

செட்டோடு சுற்றி வரும் நரம்பு எத்தனை நாள் கடையில் கிடந்ததோ தெரியாது. கழற்றி எறிந்துவிட்டு 8 பவுண்டு இழுவை தாங்கும் மோனோ நரம்பு, நம் ஊரில் தங்கூஸ் என்கிறோமே அதே நைலான், ஒரு சுருள் 8 டாலருக்குள் வாங்குங்கள். முள்ளில் இரண்டு பாக்கெட்: 3/0 அளவில் அகலவாய் வளைமுள் ஒன்று, 1/0 சாதாரண புழுமுள் ஒன்று, சேர்த்து 10 டாலர். லூரைத் தண்ணீரில் இறக்கும் 3/16 அவுன்ஸ் புல்லட் வடிவ எடைக்குண்டு 4 டாலர். 5 அங்குல ரப்பர் புழு இரண்டு பாக்கெட் 12 டாலர்: தெளிந்த தண்ணீருக்குப் பூசணிப் பச்சை, கலங்கலுக்குக் கறுப்பு-நீலம். முள் கழற்ற மூக்கு நீண்ட குறடும் ஒரு நகவெட்டியும் 10 டாலர். கூட்டினால் 94. மீதி ஆறு டாலரைப் பையிலேயே வையுங்கள், புழுதான் முதலில் தீரும்.

முள்ளில் மட்டும் மலிவு பார்க்காதீர்கள். மழுங்கிய முள்ளை 300 டாலர் ராடும் காப்பாற்றாது. நகத்தின் மேல் முள் நுனியை லேசாக இழுத்துப் பாருங்கள். வழுக்கினால் மழுங்கிவிட்டது, குத்தி நின்றால் நல்லது.

ஒரே லூரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற தயக்கம் வேண்டாம். 1932 ஜூன் 2 அன்று ஜார்ஜியாவின் மான்ட்கோமரி ஏரியில் ஜார்ஜ் பெரி பிடித்த 22 பவுண்டு 4 அவுன்ஸ் பாஸ் இன்றும் உலக சாதனைப் பட்டியலில் இருக்கிறது. 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் பிடிபட்ட மீன் அதைச் சமன்தான் செய்தது. பெரியும் கூட வந்தவரும் அன்றைக்கு ஒரே ராடையும் ஒரே லூரையும் கைமாற்றிக்கொண்டார்கள் என்பார்கள்.

இன்னொன்று. டெக்சாஸ் மாநிலப் பூங்காக்களுக்குள் கரையிலிருந்து பிடிக்க உரிமம் தேவையில்லை. பல பூங்காக்களில் ராடையும் ரீலையும் இரவலாகவே தருகிறார்கள். ஒருநாள் அதில் பழகிவிட்டுப் பணத்தை எடுங்கள். பூங்காவுக்கு வெளியே, 17 வயது ஆனவருக்கு உரிமம் கட்டாயம். பெருவாய் பாஸுக்குப் பொது விதி 14 அங்குலத்துக்குக் குறையாமல், நாளொன்றுக்கு ஐந்து. லேக் ஃபோர்க் போன்ற ஏரிகளுக்குத் தனி விதி உண்டு, போகுமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் ரீலில் நரம்பு சுருள் சுருளாகக் கிளம்பி, ராடின் வளையங்களில் முடிச்சு விழுகிறது. புது நரம்பு மாற்றியும் அதே கதை. ரீல் கெட்டுவிட்டதா?
– வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

ரீல் நன்றாகத்தான் இருக்கிறது. நரம்பில் முறுக்கு ஏறியிருக்கிறது, இப்படிச் சிக்கு விழ முக்கியக் காரணம் நான்கு.

ஒன்று, நரம்பு ஏற்றிய விதம். கடைச் சுருளைத் தரையில் படுக்கவைத்து, நரம்பைத் துணியால் இறுக்கிப் பிடித்தபடி 15 சுற்றுச் சுற்றுங்கள். பிறகு தளர்த்திப் பாருங்கள். நரம்பு தானாகச் சுருண்டு பின்னிக்கொண்டால் கடைச் சுருளைக் கவிழ்த்துப் போட்டுத் தொடருங்கள். இரண்டு, அளவு. ரீல் உருளையின் விளிம்புக்கு 3 மில்லிமீட்டர் கீழே நிறுத்த வேண்டும், ததும்பத் ததும்ப ஏற்றினால் கொத்தாகக் கழன்று விழும். மூன்று, வீசியதும் கைப்பிடியைச் சுற்றிப் பெயில் கம்பியை (நரம்பை உருளைக்கு வழிநடத்தும் வளைகம்பி) மூடும் பழக்கம். அதைக் கையால் மூடி, நரம்பை ஒருமுறை இழுத்து இறுக்கிவிட்டுச் சுற்றத் தொடங்குங்கள்.

நான்காவதுதான் பெரிய குற்றவாளி. மீன் இழுத்து, டிராக் நரம்பை விட்டுக்கொண்டிருக்கும்போதே பதற்றத்தில் கைப்பிடியைச் சுற்றுவது. அப்போது நரம்பு உள்ளே வராது, முறுக்கு மட்டும் ஏறும். பற்சக்கர விகிதம் 5.2:1 என்றால் கைப்பிடியின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஐந்து முறுக்கு. இருபது சுற்றில் நூறு தாண்டிவிடும். டிராக் சத்தம் கேட்டால் கையை நிறுத்துங்கள். ராடை மெல்ல நிமிர்த்தி, தாழ்த்தும்போது மட்டும் சுற்றுங்கள்.

ஏறிவிட்ட முறுக்கை எடுக்க, லூரை வெட்டிவிட்டு நரம்பைப் புல்வெளியில் நீளமாக இழுத்துப் போடுங்கள். விரலிடையில் லேசாக அழுத்தியபடி சுற்றி எடுத்தால் முறுக்கு நுனி வழியாகக் கழன்றுவிடும்.

உங்கள் மாநிலத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 15 வரை பாஸைப் பிடித்தால் உடனே விட்டுவிட வேண்டும். முட்டையிடும் காலம்.

பின்னல் நரம்புக்கு மாறினேன். டிராக்கை முழுக்க இறுக்கியும் மீன் இழுத்தால் நரம்பு போய்க்கொண்டே இருக்கிறது. டிராக் வட்டை மாற்ற வேண்டுமா?
– வாசகர், சார்லட்

வேண்டாம். உருளையை விரலால் பிடித்துக்கொண்டு நரம்பை இழுங்கள். உருளை அசையாமல் நரம்புக் கட்டு மட்டும் மொத்தமாகச் சுழல்கிறதல்லவா? பின்னல் நரம்புக்கு வழுவழுப்பு அதிகம். வெறும் உலோகத்தின் மேல் கட்டினால் வழுக்கும். எல்லாவற்றையும் கழற்றி, அடியில் மோனோவை நேராக உருளையில் கட்டி இருபது முப்பது கஜம் ஏற்றுங்கள். அதன் முனையோடு பின்னல் நரம்பை இரட்டை யூனி முடிச்சால் இணைத்து மேலே 120 கஜம் போதும். காசும் மிச்சம்: விலை அதிகமான பின்னல் நரம்பு அடியில் வீணாகக் கிடக்காது. மேல்பக்கம் வெளுத்துப் போனதும் தலைகீழாகத் திருப்பி ஏற்றினால் இன்னொரு காலம் ஓடும்.

10 பவுண்டு பின்னல் நரம்பு 2 பவுண்டு மோனோ தடிமன்தான் இருக்கும். கல்லில் உரசினால் சட்டென்று அறுந்துபோகும். முன்னால் 8 அல்லது 10 பவுண்டு ஃப்ளோரோகார்பன் நரம்பை முன்நரம்பாக ஆறடி சேருங்கள்.

பெரிய மீனாகவே அறுத்துக்கொண்டு போகிறது. எட்டு பவுண்டை விட்டுப் பன்னிரண்டுக்கு மாறட்டுமா?
– வாசகர், ஹூஸ்டன்

முதலில் அறுந்த நுனியைப் பாருங்கள், காரணம் அதிலேயே இருக்கும். பன்றிவால் போலச் சுருண்டிருந்தால் முடிச்சு வழுக்கி அவிழ்ந்திருக்கிறது. சொரசொரப்பாக இருந்தால் கட்டையிலோ கல்லிலோ தேய்ந்தது. முடிச்சு இருந்த இடத்திலேயே நறுக்கென்று போயிருந்தால், நனைக்காமல் இறுக்கியதால் நைலான் உரசிச் சூடேறி வலுவிழந்தது.

பாலோமர் முடிச்சு பழகுங்கள். நரம்பை ஆறு அங்குலம் இரட்டையாக மடித்து முள்ளின் காது வழியே நுழையுங்கள். அந்த மடிப்பால் தளர்வாக ஒரு சாதா முடிச்சு போடுங்கள். மடிப்பின் வளையத்துக்குள் முள் முழுவதையும் நுழைத்து எடுங்கள். எச்சில் தொட்டு நனைத்து இரு முனைகளையும் சேர்த்து இறுக்குங்கள். வளையம் முள் காதின் மேல் வந்து உட்கார வேண்டும், கழுத்தில் சிக்கி நின்றால் வெட்டிவிட்டு மறுபடி போடுங்கள்.

டிராக்கும் முக்கியம். 8 பவுண்டு நரம்புக்கு 2 முதல் 2½ பவுண்டு இழுவையில் டிராக் விட்டுக்கொடுக்க வேண்டும். மீன் எடை பார்க்கும் கொக்கித் தராசை நரம்பில் மாட்டி இழுத்தால் தெரிந்துவிடும். வீட்டுக்குத் திரும்பியதும் திருகைத் தளர்த்தி வையுங்கள், இல்லாவிட்டால் உள்ளேயிருக்கும் வட்டு நசுங்கி அடுத்த முறை வெட்டி வெட்டி இழுக்கும். ஒவ்வொரு மீனுக்கும் பிறகு கடைசி மூன்றடி நரம்பை விரலால் தடவுங்கள், சொரசொரத்தால் நறுக்கிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள்.

எங்கள் குளத்தில் ஒரே கட்டையும் பாசியும். வீசிய லூரெல்லாம் தண்ணீருக்குள்ளேயே போயிற்று.
– வாசகர், அட்லாண்டா

மும்முனைக் கொக்கிகள் தொங்கும் கிராங்க்பெய்ட்டை (மீன் வடிவ லூரை) கரையிலிருந்து கட்டைக்குள் வீசினால் அப்படித்தான் ஆகும். அதை நிறுத்திவிட்டு டெக்சாஸ் ரிக் கட்டுங்கள். குண்டின் கூர்முனை ராடைப் பார்க்கும்படி நரம்பில் கோத்து, 3/0 வளைமுள்ளைக் கட்டுங்கள். முள் நுனியைப் புழுவின் தலையில் நேராகக் குத்தி, ஆறு மில்லிமீட்டரில் பக்கவாட்டில் வெளியே எடுங்கள். முள்ளின் காது தலைக்குள் மறையும் வரை இழுத்து, முள்ளை அரைச்சுற்று திருப்புங்கள். இப்போது புழுவைத் தொங்கவிட்டு, முள்ளின் வளைவு எங்கே படுகிறதோ அங்கே குத்தி மறுபக்கம் எடுத்து, நுனியைத் தோலுக்குள் மட்டும் மறைத்துவையுங்கள்.

புழு கோல்போல நேராக இருக்கவேண்டும். கூன் விழுந்திருந்தால் இழுக்கும்போது காற்றாடிபோலச் சுழன்று நரம்பையும் முறுக்கும். குத்திய இடம் முன்பின் ஆனதுதான் காரணம், கழற்றி மறுபடி குத்துங்கள்.

வீசியபின் அடியில் உட்காரும்வரை விடுங்கள். ராடால் ஓரடி தூக்கி, மறுபடி விழவிடுங்கள். பாஸ் பெரும்பாலும் விழும்போதுதான் கவ்வும், ஆகையால் விழும் நேரத்தில் நரம்பைப் பாருங்கள். பக்கவாட்டில் நகர்ந்தாலோ விழவேண்டிய நேரத்துக்கு முன்பே தொய்ந்தாலோ, தொய்வைச் சுற்றி எடுத்துவிட்டு ராடை ஓங்கி இழுங்கள்.

தலை கிழிந்த புழுவை எறியாதீர்கள். கால் அங்குலம் நறுக்கிவிட்டு மறுபடி குத்தலாம். அதுவும் முடிந்தபின், நடுவில் ஒரு ரப்பர் வளையம் மாட்டி, வளையத்துக்கு அடியில் 1/0 முள்ளைக் குறுக்காக விட்டுக் குண்டு இல்லாமல் வீசுங்கள். இரு முனையும் துடித்துக்கொண்டு மெல்ல இறங்கும். கட்டை இல்லாத இடத்தில் இதற்கு ஈடு இல்லை.

ஊரிலிருந்து அப்பா ஒரு டப்பா ஈயக்குண்டு கொண்டுவந்திருக்கிறார். இங்கே போடலாமா?
– வாசகி, பாஸ்டன்

கூடாது. மாசசூசெட்ஸின் உள்நாட்டு நீர்நிலைகளில் ஓர் அவுன்ஸுக்குக் குறைந்த ஈயக்குண்டுக்கு 2012 முதல் தடை. லூன் என்ற நீர்ப்பறவை விழுங்கிச் செத்துப்போகிறது. ஸ்டீல் குண்டு வாங்குங்கள். அதே எடைக்கு ஈயத்தைவிடப் பருமனாக இருக்கும், வேறு குறையில்லை. டங்ஸ்டன் சின்னதாக, நன்றாக இருக்கும், ஆனால் கட்டையில் ஒன்றை விட்டுவிட்டு வந்தால் மனம் வலிக்கும் விலை.

பையன் பெய்ட்காஸ்டர் ரீல்தான் வேண்டும் என்கிறான். 40 டாலரில் ஒன்று பார்த்தோம்.
– வாசகர், சான் அன்டோனியோ

அண்ணே, ஒரு வருஷம் ஸ்பின்னிங்கிலேயே ஓட்டட்டும். பெய்ட்காஸ்டரில் வீசும்போது உருளையும் சுழலும். லூரின் வேகம் குறைந்தபிறகும் உருளை அதே வேகத்தில் சுழன்றால் நரம்பு குருவிக்கூடாகிவிடும். மலிவான ரீலில் உருளை கனமாக இருக்கும், 3/8 அவுன்ஸுக்குக் குறைந்ததை வீசவே வராது.

வாங்கியே தீருவான் என்றால்: அரை அவுன்ஸ் குண்டு கட்டி, பிரேக்கை முழுக்க ஏற்றி, பக்கத் திருகை இறுக்குங்கள். குண்டு மெல்ல இறங்கித் தரையைத் தொட்டதும் உருளை தானாக நிற்கும் அளவுக்குத் திருகைத் தளர்த்துங்கள். நன்றாக ஒருமுறை வீசி, மேலும் பத்து கஜம் இழுத்துவிட்டு, உருளையில் மிச்சமுள்ள நரம்பின்மேல் ஒரு டேப் ஒட்டுங்கள். எவ்வளவு சிக்கினாலும் அதற்குக் கீழே போகாது.

டப்பாவில் ரப்பர் புழுவெல்லாம் உருகி ஒட்டிக்கொண்டது. வெயிலா?
– வாசகர், ஃபீனிக்ஸ்

வெயிலும் இருக்கலாம். ஆனால் ‘எலாஸ்டெக்’ என்று போட்ட, ரப்பர் பேண்டுபோல இழுபடும் வகையைச் சாதாரணப் புழுவோடு கலந்து வைத்தால் ஒன்றையொன்று கரைத்துவிடும். அவரவர் பாக்கெட்டிலேயே இருக்கட்டும்.

வீட்டுவாசல் விற்பனையில் பழைய செட் 15 டாலருக்குக் கேட்கிறார்கள். எதைப் பார்த்து வாங்குவது?
– வாசகி, கொலம்பஸ்

காது குடையும் பஞ்சுக்குச்சி ஒன்று எடுத்துப்போங்கள். ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் விட்டுச் சுற்றுங்கள். பஞ்சு இழை மாட்டினால் வளையத்தில் விரிசல், நரம்பை அறுக்கும். பெயில் கம்பி ‘டக்’கென மூட வேண்டும். அதன் ஓரத்தில் நரம்பு ஓடும் சிறு உருளை சுழல வேண்டும், அது இறுகிப்போனதும் முறுக்குக்கு ஒரு காரணம். ராடின் நுனி வளையம் மட்டும் போயிருந்தால் பயமில்லை, சில டாலரில் புதிது ஒட்டலாம். தண்டில் கீறல் இருந்தால் விட்டுவிடுங்கள்.

அமெரிக்காவிலிருந்து மாமா பாஸ் செட் கொண்டுவருகிறார். இங்கே விராலுக்கும் கொடுவாவுக்கும் ஆகுமா?
– வாசகர், தூத்துக்குடி

கொடுவாவையும் ஆங்கிலத்தில் ‘பாஸ்’ என்பதால் வரும் குழப்பம் இது. இரண்டும் வேறு வேறு மீன், வேறு குடும்பம். மாமா கொண்டுவருவது மீடியம் ஸ்பின்னிங் செட் என்றால் திறந்த குளத்தில் சின்ன விராலுக்கு ஆகும். அல்லிக்கும் ஆகாயத்தாமரைக்கும் நடுவே தவளை லூர் இழுக்க மீடியம்-ஹெவி ராடும் 30 முதல் 50 பவுண்டு பின்னல் நரம்பும் கேளுங்கள்.

கொடுவாவின் செவுள் மூடி ஓரம் கத்திபோல இருக்கும், பத்து பவுண்டு முன்நரம்பு நிற்காது. 30–40 பவுண்டு வேண்டும். பாஸ் முள்ளில் மெல்லிய கம்பி வகை நிமிர்ந்துவிடும். கழிமுகத்தில் போட்டால் அன்றைக்கே டிராக் திருகை இறுக்கி மூடி, ரீலின்மேல் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றித் துடையுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் உப்பு உள்ளே போய்விடும். காய்ந்தபின் திருகைத் தளர்த்தி, பெயில் உருளையில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.