ஏழு பட்டனில் ஏழு ஸ்வரம்: நோக்கியா 3310 கம்போசர் கேள்வி பதில்

பழைய நோக்கியா 3310-ஐ அலமாரியிலிருந்து எடுத்து, அதிலுள்ள 'கம்போசர்' வசதியில் பட்டன் தட்டித் தானே ரிங்டோன் ஏற்றிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படிச் சிலர் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். செல்போன் கடையில் வேலை பார்த்த நாட்களில் நிறையப் பேருக்கு ஏற்றிக் கொடுத்திருக்கிறேன். அதற்கு முன்பே கொஞ்சம் வீணை கற்றிருந்தது எனக்குப் பெரிய உதவியாக இருந்தது.

கேள்வி: எனக்கு இசை தெரியாது. எந்தப் பட்டன் எதற்கு என்று முதலிலிருந்து சொல்லுங்கள்.

1 முதல் 7 வரை ஏழு ஸ்வரங்கள். 1 ச, 2 ரி, 3 க, 4 ம, 5 ப, 6 த, 7 நி. வரிசையாக ஏழையும் தட்டிக் கேளுங்கள், சங்கராபரணம் ராகம் வரும். மேற்கத்திய முறையில் அதுவே 'சி மேஜர்'. # பட்டன் ஸ்வரத்தை அரைப்படி ஏற்றும். * (ஸ்டார்) பட்டன் ஸ்தாயியை, அதாவது ஏழு ஸ்வரங்களும் ஒலிக்கும் உயரத்தை, மாற்றும். 8 தட்டினால் ஸ்வரத்தின் நீளம் குறையும், 9 தட்டினால் கூடும். 0 என்றால் மௌனம். தவறாகத் தட்டியதை சி பட்டன் அழித்துவிடும்.

இசை தெரியாது என்று தயங்க வேண்டாம். வாயால் முணுமுணுக்கத் தெரிந்தால் போதும். அடுத்த ஸ்வரம் மேலே போகிறதா கீழே இறங்குகிறதா என்று காதுக்குத் தெரியும், மீதியைப் பட்டன் தட்டித் தேடிக்கொள்ளலாம்.

கேள்வி: சரளி வரிசையை அப்படியே ஏற்ற முடியுமா? என் மகள் இப்போதுதான் பாட்டு வகுப்பில் சேர்ந்திருக்கிறாள்.

நன்றாக முடியும். சரளி வரிசை, அதாவது பாட்டு வகுப்பின் முதல் பாடம், மாயாமாளவகௌளை ராகம். அதில் ரியும் தாவும் தாழ்ந்தவை. ஸ்வரத்தை இறக்க இந்த போனில் தனிப் பட்டன் கிடையாது, அதனால் கீழே உள்ள ஸ்வரத்தை # போட்டு ஏற்ற வேண்டும். அதாவது ரிக்கு 1#, தாவுக்கு 5#. முதல் வரிசை முழுதும் இதோ:

1, 1#, 3, 4, 5, 5#, 7, 1*
1, 7**, 5#, 5, 4, 3, 1#, 1

ஏறும்போது மேல் சட்ஜத்துக்கு (ச) ஒரு ஸ்டார். இறங்கும்போது முதல் '1'-க்கு ஸ்டார் வேண்டாம், முந்தைய ஸ்தாயியே தொடரும். அதற்கு அடுத்த நிக்கு ஏன் இரண்டு ஸ்டார் என்பதைக் கீழே சொல்கிறேன். டெம்போவை (வேகத்தை) 125-க்குப் பக்கத்தில் வையுங்கள். ஒரு ஸ்வரம் ஏறக்குறைய அரை வினாடி ஒலிக்கும், மொத்தம் எட்டு வினாடிக்குள் முடிந்துவிடும். இரண்டாம் காலம் (இருமடங்கு வேகம்) வேண்டுமென்றால் முதல் ஸ்வரத்தைத் தட்டியதும் 8-ஐ ஒருமுறை தட்டுங்கள். பின்னால் வருபவை தாமாகவே அந்த நீளத்தை எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: காலேஜ் நாட்களில் டைரியில் எழுதிவைத்த எண் வரிசையை இப்போது தட்டினேன். பாதி வரை சரியாக இருக்கிறது, அதற்குப் பிறகு கீச்சென்று எங்கோ போய்விடுகிறது. போன் பழுதா?

போன் நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு ஸ்டார் விட்டுப் போயிருக்கும். பெரும்பாலும் இதுதான் காரணம்.

கம்போசரில் மூன்று ஸ்தாயிகள் உண்டு. ஸ்டார் தட்டத் தட்ட ஒன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து மூன்று, மூன்றிலிருந்து மறுபடி ஒன்று என்று சுற்றிவரும். கீழே இறங்கத் தனிப் பட்டன் இல்லை. இரண்டாவதிலிருந்து முதலுக்கு வர, மூன்றைத் தொட்டுச் சுற்றி வர வேண்டும், அதனால்தான் இரண்டு ஸ்டார். டைரியில் ஒன்றை மறந்து எழுதியிருந்தால் அந்த ஸ்வரம் மூன்றாம் ஸ்தாயியில் நின்றுவிடும். தட்டும் ஒவ்வொரு ஸ்வரமும் முந்தைய ஸ்வரத்தின் ஸ்தாயியையும் நீளத்தையும் வாங்கிக்கொள்வதால், ஒரு பிழை கடைசி வரை கூடவே வரும்.

பாட்டு எங்கே கெடுகிறதோ அந்த இடத்தில் திரையைப் பாருங்கள். ஸ்வர எழுத்துக்கு முன்னால் நீளமும் பின்னால் ஸ்தாயியும் எண்ணாகத் தெரியும். பின்னால் உள்ள எண் 3 என்றால் ஸ்டார் பிழை. முன்னால் உள்ள எண் திடீரென்று மாறியிருந்தால் 8 அல்லது 9-ல் பிழை. டைரியில் சில எண்களை அடைப்புக்குறிக்குள்ளோ அழுத்தமாகவோ எழுதியிருந்தால் அந்தப் பட்டனைச் சற்று நேரம் அமுக்கிப் பிடிக்க வேண்டும் என்று பொருள். அப்படிப் பிடித்தால் ஒரு புள்ளி விழும், ஸ்வரம் ஒன்றரை மடங்கு நீளும்.

இதனால்தான் எண்களை மட்டும் குறித்துவைக்காதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன். பக்கத்தில் ஸ்வரத்தையும் எழுதிவையுங்கள். 'க ப த ச' என்று எழுதியிருந்தால் பிழையைக் காதே திருத்திவிடும். வெறும் எண்ணாக இருந்தால் திருத்த வழியில்லை.

கேள்வி: திரையில் 4 என்பது நீளமாகவும் 16 என்பது குட்டையாகவும் ஒலிக்கிறதே, தலைகீழாக இருக்கிறதே?

அது பின்னம். 4 என்றால் கால், 8 என்றால் அரைக்கால், 16 என்றால் மாகாணி. நம் பழைய வாய்ப்பாட்டை நினைத்துக்கொண்டால் குழப்பமே வராது.

கேள்வி: திஸ்ர நடையில் ஒரு மெட்டு. ஒரு அட்சரத்தை (தாளத்தின் ஒரு எண்ணிக்கையை) மூன்றாகப் பிரிக்க வழியே இல்லையே?

கால், அரைக்கால் என்று பாதி பாதியாகத்தான் பிரிகிறது, மூன்றாகப் பிரியாது. ஆனால் அட்சரத்தின் அளவை நாமே மாற்றிக்கொள்ளலாம். மூன்று அரைக்கால் சேர்ந்தது ஓர் அட்சரம் என்று வைத்துக்கொண்டு எல்லா ஸ்வரங்களையும் 8-ல் எழுதுங்கள். டெம்போவை ஒன்றரை மடங்காக்குங்கள். நிமிடத்துக்கு 80 அட்சரம் வேண்டுமென்றால் டெம்போ 120-ஐ ஒட்டி இருக்கட்டும். முழு அட்சரம் நீளும் ஸ்வரத்துக்கு, புள்ளி வைத்த 4. கம்போசருக்குத் தாளக் கட்டு எதுவும் தெரியாது, நாம் கொடுக்கும் கணக்கை அப்படியே வாசிக்கும்.

கேள்வி: 3, 7 இரண்டுக்கும் # விழ மாட்டேன் என்கிறது.

விழாது. காவுக்கும் மாவுக்கும் இடையில் அரைப்படிதான். கா அரைப்படி ஏறினால் அது மா. அதே போல நிக்கு அடுத்தது மேல் சட்ஜம். வீணைத் தண்டில் உள்ள மெட்டுகளை எண்ணிப் பார்த்தாலும் இதே கணக்குதான்.

கேள்வி: தோடி ஏற்றிப் பார்த்தேன், தோடி மாதிரியே இல்லை. கமகம் (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது) கொண்டுவர முடியாதா?

உண்மையில் முடியாது. ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம், அதுவும் அசையாமல் நிற்கும். தோடியின் காந்தாரம் (க) அசைவிலேயே உயிர் வாழ்வது, அது இங்கே வரவே வராது. 32 நீளத்தில் பக்கத்து ஸ்வரங்களை மாற்றி மாற்றித் தட்டினால் ஏதோ நடுக்கம் மாதிரி வரும், அதைக் கமகம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஸ்வரங்களை நிறுத்திப் பாடினாலும் முகம் தெரிகிற ராகங்களை எடுத்துக்கொள்ளுங்கள். மோகனம் (1, 2, 3, 5, 6), ஹிந்தோளம் (1, 2#, 4, 5#, 6#) இரண்டும் இந்தச் சின்ன ஸ்பீக்கரிலும் உடனே அடையாளம் தெரியும். மந்திர (கீழ்) ஸ்தாயி தேவைப்பட்டால் சட்ஜத்தையே இரண்டாம் ஸ்தாயியில் வைத்துத் தொடங்குங்கள்.

கேள்வி: பல்லவி முழுவதும் ஏற்ற முடியவில்லை, இடம் போதவில்லை.

ஒரு டோனுக்கு 50 ஸ்வரங்கள்தான். பல்லவியின் எடுப்பு போதும். ரிங்டோன் திரும்பத் திரும்ப ஒலிப்பது என்பதால் கடைசியில் 0 போட்டு மூச்சுவிட இடம் கொடுங்கள்.

கேள்வி: சொந்தமாக மெட்டு ஏற்றும் வசதியை நோக்கியாதான் முதலில் கொண்டுவந்ததா?

இல்லை, ஜப்பானில் வந்தது. 1996 செப்டம்பரில் வந்த, டென்சோ தயாரித்த டிஜிட்டல் மினிமோ டி319 என்ற செல்போனில்தான் முதன்முதலாகப் பயனாளர் தானே மெட்டு ஏற்ற முடிந்தது. 1998-ல் அங்கே வந்த, பாட்டுகளை எப்படித் தட்டுவது என்று சொல்லும் ஒரு புத்தகம் 35 லட்சம் பிரதிக்கு மேல் விற்றது.

கேள்வி: பாட்டிக்குக் கண் மங்கல். திரையைப் பார்க்காமலே யார் கூப்பிடுகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

இந்தக் கேள்விக்காகவே போனை மறுபடி கையில் எடுத்தேன். பெயர்களைக் குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு டோன் வைக்கலாம். மகன் வீட்டுக்கு ஏறும் மோகனம்: 1, 2, 3, 5, 6, 1*. மகள் வீட்டுக்கு இறங்கும் ஹிந்தோளம்: 1*, 6#**, 5#, 4, 2#, 1. ராகத்தை மட்டும் நம்பாமல் நடையையும் மாற்றுங்கள், ஒன்று வேகமாக, மற்றது நிதானமாக. மூன்றாவதாக யாராவது இருந்தால் ஒரே ஸ்வரத்தை மூன்று முறை தட்டி, 0 வைத்து, மறுபடி மூன்று முறை தட்டுங்கள். கதவைத் தட்டுவது போல இருக்கும். இரண்டாம் ஸ்தாயியில் வைத்தால் இன்னும் தெளிவாகக் கேட்கும். சேமிக்கும் முன் பாட்டியை அடுத்த அறையில் உட்கார வைத்து ஒவ்வொன்றாக ஒலிக்கவிட்டு, யாருடையது என்று அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். தடுமாறினால் அந்த டோனை மாற்றிவிடுங்கள்.