கடைசிப் பக்கத்துச் சுழிகள்

வணக்கம் சார்,

தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். எட்டு வருடமாகக் காசிமேட்டுக்குப் போய்ப் படகுகளையும் மீன் ஏலத்தையும் வரைகிறேன். 43 நோட்டு சேர்ந்துவிட்டது. வீடு ஒரே அறை. ‘எல்லாவற்றையும் எடைக்குப் போடு’ என்று அம்மா தினமும் சொல்கிறார். தவணையில் ஒரு ஐபேடும் அதற்கான பேனாவும் வாங்கியிருக்கிறேன். படங்களை மட்டும் ஸ்கேன் செய்துகொண்டு நோட்டுகளைப் போட்டுவிடலாம் என்றிருக்கிறேன். பின்பக்கங்களில் கணக்கு, போன் நம்பர் என்று கண்டதும் கிடக்கிறது, அது வேண்டாம். காகிதத்தை விட்டால் மரமும் பிழைக்கும். குறிப்பெடுக்கவும் வரையவும் எந்தச் செயலி நல்லது?

ச.

அன்புள்ள ச.,

மரத்தை விடுங்கள். கரூர்ப் பக்கம் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையிலிருந்தும் காகிதம் செய்கிறார்கள். உங்கள் ஐபேட் எந்தச் செடியில் காய்த்தது?

கையால் எழுதினால்தான் மனதில் நிற்கும் என்று உபதேசம் செய்வேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். மாட்டேன். 2014இல் அப்படி ஓர் ஆய்வு வந்து பிரபலமானது. திரும்பச் செய்து பார்த்தவர்களுக்கு அந்த வித்தியாசம் அவ்வளவு உறுதியாகக் கிடைக்கவில்லை. ஏலம் நடக்கிற விடியற்கால இருட்டில் வரைய, வெளிச்சம் தரும் திரை வசதிதான். தாராளமாக வரையுங்கள்.

ஆனால் ‘கண்டதும் கிடக்கிறது’ என்று எழுதினீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. போன வாரம்தான் என்னிடமிருக்கும் ஒரு பழைய நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அப்போது நாங்கள் வியாசர்பாடியில் இருந்தோம். அப்பாவுக்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலை; போனால்தான் கூலி. அம்மா ஆயிரம் ரூபாய் தண்டல் வாங்கியிருந்தாள். கையில் வந்தது 850. தினம் 10 ரூபாயாக 100 நாள் கட்ட வேண்டும். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. என் ஏழாம் வகுப்பு நோட்டின் கடைசிப் பக்கத்தில், என் பென்சிலை எடுத்து, கட்டிய நாளுக்கு ஒரு கோடு, கட்டாத நாளுக்கு ஒரு சுழி போட்டு வைத்தாள். அந்தத் தாளின் மறுபக்கம் நான் ஒரு கப்பல் வரைந்திருந்தேன். அழுத்திப் போட்ட கோடுகள் கப்பல் மேல் புடைத்துக்கொண்டு தெரிந்தன. நோட்டை ஏன் நாசம் பண்ணினாய் என்று அவளிடம் கத்தினேன். ‘பின்னாடிதானேடா’ என்றாள்.

2015 டிசம்பரில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது நோட்டு முழுக்க ஊறிவிட்டது. இங்க் பேனாவால் நான் எழுதிய பாடமெல்லாம் நீலக் கறையாகிப் போனது. பென்சில் கரி தண்ணீரில் கரையாது அல்லவா, அதனால் கப்பலும் கோடுகளும் தப்பின. கப்பல் சுமார்தான், கொடிமரம் கோணல். நான் பார்ப்பது பின்பக்கத்தை. 62 கோட்டுக்கு அப்புறம் வரிசையாக 11 சுழி. அப்பா ஜுரத்தில் படுத்த நாட்கள். தண்டல்காரர் வாசலில் நின்று பேசிய பேச்சு ஒவ்வொரு சுழியிலும் எனக்குக் கேட்கிறது. பதினோராவது சுழியில் பென்சில் தாளைக் கிழித்திருக்கிறது.

நல்லவேளை, அன்று என்னிடம் ஸ்கேனர் இல்லை. இருந்திருந்தால் கப்பலை மட்டும் எடுத்திருப்பேன், உங்களைப் போல.

உங்கள் ஐபேடை உங்கள் விரலோ முகமோ கடவுஎண்ணோதான் திறக்கும். அதன் கடைசிப் பக்கத்தில் அவசரத்துக்கு யாரும் பால் கணக்கு எழுத மாட்டார்கள். அதற்குக் கடைசிப் பக்கமே கிடையாது. இனிமேல் வரைவதற்கு அது போதும், சரி. பழையதை எடைக்குப் போட என்ன அவசரம்? 43 நோட்டு ஒரு தகரப் பெட்டியில் அடங்கும். ஒரே அறையில் நானும் வளர்ந்தவன்தான் தம்பி, கட்டிலுக்கு அடியில் இடம் இருக்கும். இல்லையென்றால் என் வீட்டில் கொண்டுவந்து வையுங்கள்.

செயலி கேட்டிருந்தீர்கள் இல்லையா? வரைந்ததைப் பிடிஎஃப்பாக வெளியே எடுக்க விடுகிற எதுவானாலும் சரி.

ஏப்ரல் 15க்கு மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் ஜூன் 14 வரை ஏலம் மந்தமாகத்தான் இருக்கும். அப்போது ஸ்கேன் செய்ய உட்காருங்கள், பின்பக்கங்களையும் சேர்த்து. அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, அந்த போன் நம்பர்களெல்லாம் யாருடையவை என்று கேளுங்கள்.